ஒருநாள் விடாமல் வந்தவள்

1

என் போனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் கேட்காமலே பழைய படத்தை எடுத்துக் காட்டும். இன்றைக்குக் காலையில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். டிங்கென்று சத்தம். பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த பேத்தி மேகா எட்டிப் பார்த்து, "அப்பத்தா, லாஸ்ட் இயர் இதே நாள்னு போட்டிருக்கு" என்று வாசித்தாள்.

ஈரக்கையோடு பார்த்தேன். எங்கள் ஊர். கொடைரோட்டில் இறங்கி மினிபஸ் ஏறிப் போகிற ஊர். மல்லிகைக் காட்டு ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ரூம், வாசலில் இரண்டு பக்கமும் வாழை. என் தம்பி வெள்ளைச்சாமி கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் செல்வி. செத்துப்போன என் தங்கச்சியின் மகள். தலை நிறையப் பூ, கையில் சாவி.

"சாவி வச்சிருக்கறது யாரு?" என்றாள் மேகா.

"உனக்கு அத்தை முறை வேணும்டி."

"நான் பார்த்திருக்கேனா?"

சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்தச் சாவி இப்போது செல்வியிடம் இல்லை. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டில் என்னென்ன பார்த்தீர்கள், எழுதி அனுப்புங்கள் என்று ஊரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் நீங்கள் கேட்டிருந்தீர்கள். இந்த மெல்பர்னுக்கு மகனோடு வந்து ஆறு வருசம் ஆகிறது. பார்த்ததெல்லாம் சமையல்கட்டில் நின்று பார்த்ததுதான். படிப்பும் அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம். திண்டுக்கல், பழனி, ஆயக்குடி என்று நம் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம். எல்லாம் கம்ப்யூட்டர் வேலை, ஆஸ்பத்திரி வேலை. நான் டீயும் சுண்டலும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்கார எனக்கு வராது. திண்டுக்கல்லில் மணிக்கூண்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருந்தபோதும் நான் திரைக்குப் பின்னால்தான். ஆனால் காது வேலை செய்யும் அல்லவா.

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் என்றார். ஒருத்தர் மரம் நடலாம் என்றார். என் மகன் பாண்டிதான் பூவுக்குக் குளிர் ரூம் என்றான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. சின்னப்பிள்ளையில் லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போனபோது, விலை போகாத மல்லிகையை மூட்டை மூட்டையாக வாய்க்காலில் கொட்டியதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை நாளைக்கு விக்கக் கூடாதா?" என்று கேட்டவன் அவன். நாளைக்கு வரைக்கும் மொட்டு காத்திருக்காதுடா என்று சொன்னேன். முகூர்த்தம் நாளன்னைக்கு இருக்கும், பூ இன்றைக்கு விரிந்துவிடும். அதுதான் பூக்காட்டுக்காரன் தலையெழுத்து.

பணம் போடுகிற இவர்களுக்கு ஸ்பான்சர் என்று பெயர். அங்கே செய்கிறவர்களுக்கு டீம் என்று பெயர். டீமுக்குத் தலைவர் என் தம்பி. மருமகள் சுதா ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை, நல்ல பேச்சு. அவள் ஒரு சட்டம் போட்டாள்.

"பூப் பறிக்கறது பூராம் பொம்பளைங்க. காசு வாங்கறது மட்டும் ஆம்பளைங்களா? இந்த ரூமுச் சாவி ஒரு பொண்ணு கையில இருக்கோணும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் இது நடக்கும்."

என் தம்பி போனில், "அதுக்கென்ன மாப்ளே, நம்ம செல்வி இருக்குல்ல. பன்னெண்டு படிச்சிருக்கு. அது பாத்துக்கிரும்" என்றான்.

செல்வி பெயரைக் கேட்டதும் அடுப்படியில் நின்றபடியே கும்பிட்டேன். அவள் புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். மகளை வைத்துக்கொண்டு என் தம்பி வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். தாய்மாமன் வீடுதான், சோறு போடாமல் இல்லை. ஆனாலும் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவினால்தான் அந்தச் சோறு இறங்கும். கூலிக்குப் பூப் பறிப்பாள். வாரக்கடைசியில் அந்தக் கூலியும் மாமன் கைக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வரும். இந்த ரூம் வேலைக்குச் சம்பளம் அவள் கணக்கிலேயே விழும் என்று சுதா சொன்னாள். ஊருக்குள் சின்னதாக ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும், அம்புட்டுத்தான் செல்விக்கு ஆசை.

3

அங்கே விடிகிறபோது இங்கே பத்து மணி ஆகிவிடும். எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட பிறகு, பாண்டி மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் பார்த்துக்கொண்டிருப்பான். கீழே நான் மட்டும். அந்த நேரத்துக்குச் சரியாகப் போன் அடிக்கும். ஸ்பான்சரும் டீமும் சேர்ந்திருக்கிற வாட்ஸப் குரூப். என்னையும் அதில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

தினமும் செல்வி ரூமைத் திறந்ததும், உள்ளே குளிர் எவ்வளவு என்று காட்டுகிற பெட்டியையும் தன் முகத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். அதுதான் இவர்கள் கேட்ட ரிப்போர்ட். முதல் வாரம் பாதி முகம்தான் வந்தது, கண்ணு ஒன்று, காது ஒன்று. பிறகு பழகிக்கொண்டாள். துண்டைத் தலையில் சுற்றி, சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு முகம்.

எனக்கு அதுதான் ஊர்ப்பக்கம் போய்வருகிற நேரம். அவள் முதுகுக்குப் பின்னால் தெரிகிற கூடைகளைப் பார்ப்பேன். இன்றைக்குப் பூ கூடவா குறைவா, மொட்டு பெரிசா சின்னதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பேன். போனுக்கு வாசம் கிடையாது, அது ஒன்றுதான் குறை. சில நாள் அவளே கூப்பிடுவாள்.

"பெரியம்மா, உள்ள போனா குளிரு கொல்லுது. உங்க ஊரும் இப்படித்தானா?"

"இங்க வீட்டுக்கு வெளிய குளிருடி, உங்களுக்கு உள்ள குளிரு."

"மாமா இப்பல்லாம் என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுறதில்ல பெரியம்மா. மேடம்ங்கிறாரு. கேலிதான், ஆனா கூப்புடுறாரு!"

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

4

இரண்டு மாசம் நன்றாக ஓடியது. பாண்டிக்கு ஒரே பெருமை. ஆபீஸில் வேலை நன்றாகச் செய்கிறவர்களை எல்லோர் முன்னாலும் பாராட்ட வேண்டுமாம், அப்போதுதான் உற்சாகம் வருமாம். செல்வியின் படத்தைச் சுற்றிப் பூ வரைந்து, குரூப்பில் போட்டான். 'ரெண்டு மாசமா ஒருநாள்கூட விடாமல் வந்த நம் செல்விக்கு வாழ்த்துகள்.' ஸ்பான்சர்கள் எல்லோரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். ஊரிலிருந்தும் நாலைந்து கை தட்டியது.

மேலே மேலே கை வந்துகொண்டிருந்தது. நானும் ஒரு கை போடலாமா என்று யோசித்து, எதை அமுக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அந்த வாரமே, ஆடி மாசம், அம்மன் கோயில்களுக்கெல்லாம் பூ கேட்கிற நேரம். ஒரு நாள் காலையில் செல்வி கதவைத் திறந்தால் உள்ளே இருந்த மொட்டெல்லாம் வாய் விரிந்து கிடந்தது. ராத்திரி கரண்டு குறைந்து வந்து மிசின் நின்றுபோயிருக்கிறது. விரிந்த மல்லிகையை யார் வாங்குவார்? ஏழு வீட்டுப் பூ.

இங்கே ஹாலில் பாண்டி ஒரு கோடு போட்ட படத்தை வைத்துக்கொண்டு, "இந்த இடத்துல வோல்டேஜ் விழுந்திருக்கு. ஒரு ஸ்டெபிலைசர் மாட்டினாச் சரியாயிரும். அடுத்து சோலார் போட்டுட்டா இந்தப் பிரச்சினையே இல்லை" என்றான். அவனுக்கு அது அரை மணி நேரத்தில் முடிந்துபோன விசயம்.

மறுநாள் செல்வி படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ரிப்போர்ட் எங்கே என்று குரூப்பில் கேள்வி மேல் கேள்வி. என் தம்பி, 'அது வீட்டு விசயம் தம்பி, பார்த்துக்கிறோம்' என்று ஒரு வரி போட்டான். இவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே என்னமோ மறைக்கிறார்கள் என்று பேச்சு.

நான் தம்பிக்குத் தனியாகப் போன் போட்டேன்.

"என்னடா, பிள்ளையை ஏன் நிப்பாட்டுன?"

"அக்கா, உன்கிட்ட எப்படிச் சொல்றது." தொண்டையைக் கனைத்தான். "ரெண்டு மாசம் ஒருநாள் விடாம வந்துச்சுன்னு உன் மகன்தான ஊரு பூராம் போட்டான்?"

"ஆமா, நல்லதுதான போட்டான்?"

"பொம்பளப்பிள்ள ஒருநாள் விடாம வந்தா என்ன அர்த்தம்? நீயே யோசி."

எனக்கு விளங்கிவிட்டது.

5

மல்லிகைக் காட்டுக்குள் அந்த மூன்று நாள் பெண்கள் இறங்கக் கூடாது, செடி கருகும் என்பார்கள். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பறிக்கிறவள் மாசத்தில் மூன்று நாள் நின்றால் பூவும் நிற்குமா, வயிறும் நிற்குமா? நான் பறிக்கப் போன வயசில் எங்கம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக்கொடுத்தாள். "யாரும் கேக்க மாட்டாக. நீயாச் சொல்லாத." எங்கள் ஊரில் எல்லாப் பெண்ணும் எல்லா நாளும்தான் பறித்தோம். எங்கள் கை பறித்த பூதான் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய், எந்தெந்தச் சாமி தலையிலோ ஏறியது. ஆண்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

அப்படிக் கேட்காமல் இருந்த ஊரை, அந்தக் கைதட்டல் கேட்க வைத்துவிட்டது. பூ விரிந்ததும் ஏன் என்று தேடினார்கள். போனில் பொம்மை பொம்மையாகப் பதில் இருந்தது. செல்வியைக் கோயிலடியில் நிறுத்தி, ஒரு பெண்ணை விட்டே கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மன் முன்னால் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

இதை நான் மகனிடம் எப்படிச் சொல்வேன்? சுதாவிடம் மட்டும், அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் நின்று, பாதி சொல்லி பாதியை முழுங்கினேன். அவள் புரிந்துகொண்டு, "அடக் கடவுளே!" என்று சத்தம் போட்டாள். அடுத்த நிமிசம் பாண்டிக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் மேகா, "அப்பா, இன்னைக்கு நீச்சல் கிளாஸ். எனக்கு பீரியட். டீச்சருக்கு லெட்டர் வேணும்" என்றாள். பாண்டி ரொட்டியை மென்றுகொண்டே காகிதத்தை எடுத்து, நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பால் வாங்க வேண்டும் என்பதுபோல. எனக்குக் காதெல்லாம் சூடாகி, சட்டியைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். இவன் நல்ல தகப்பன். இவ்வளவு லேசாக எழுதிக் கொடுக்கிறவனுக்கு, வெள்ளைச்சாமி மண்டையில் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? மேகாவுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதே தெரியாது. அவளுக்கும் செல்விக்கும் நடுவே இருக்கிற தூரம் கடல் மட்டும் இல்லை.

6

சண்டை அன்றிலிருந்து. ஸ்பான்சர்கள் சொன்னது: செல்வி எல்லா நாளும் ரூமைத் திறக்க வேண்டும், மூன்று நாள் கணக்கெல்லாம் பேசக் கூடாது, இல்லையென்றால் சோலார் தகடு வராது. டீம் சொன்னது: அப்படியென்றால் ரூமையும் நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசினார்கள். பாண்டி மாமனோடு நேரே பேசமாட்டான். காது குத்துக்கு அவனை மடியில் வைத்துக்கொண்டவர், அவரிடம் விளக்கம் கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்று பயம். "அம்மா, நீ சொன்னா மாமா கேப்பாரு." அங்கே தம்பி, "அக்கா, நீ சொன்னா மாப்ள கேப்பான்." இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

நடுவில் நின்று பேசுவது லேசு இல்லை. என் விசா வேலைக்காக ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்டார். போனில் தமிழ் சொல்வதற்கு ஒரு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். "உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?" என்றார். வயசான காலத்தில் வருத்தம் இல்லாமல் இருக்குமா, இருக்கத்தான் செய்யும் என்றேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோயாம். நோய் இருக்கிறதாக்கும் என்று டாக்டருக்குப் போய்ச் சேர்ந்து, இன்னும் ரெண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். அந்த அம்மாமேல் தப்பில்லை, என்மேலும் இல்லை. ஊசி மட்டும் எனக்கு.

ஆனாலும் முயற்சி செய்யாமல் இல்லை. முதலில் செல்வியையே கேட்டேன்.

"நீ சொல்லுடி. உனக்கு என்ன வேணும்?"

"எனக்குச் சாவி வேணும் பெரியம்மா. மூணு நாளு வராதன்னா வரல. அந்த மூணு நாளைக்கு மாமாவே தொறக்கட்டும். வீட்டுக்காரம்மாகிட்ட முன்பணம் குடுத்துட்டேன். வீட்டைப் பாத்துட்டேன். பாப்பா எந்த மூலையில உக்காந்து படிக்கணும்ங்கிறது வரைக்கும் சொல்லிருச்சு."

அதைச் சுதாவிடம் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அத்தை, அதெப்படி ஒத்துக்கறது? அவங்க சொல்றது சரின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமே. இன்னைக்குச் செல்விக்கு விட்டுக் குடுத்தா, நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதே சட்டமாகிப் போயிரும்."

அவள் சொல்வது நியாயம். எதிர்த்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

தம்பியிடம் கொண்டுபோனேன்.

"அக்கா, நான் நம்புறனா இல்லையாங்கிறது வேற. மார்க்கெட்டுல வாங்குறவன் நம்புறான். அந்த ஊரு ரூமுப் பூவா, தீட்டுப் பூன்னு ஒருத்தன் வாயத் தொறந்தா, ஊரே பூவ ஆட்டுக்குத்தான் போடணும். இனி அது மூணு நாளு ஒதுங்கினாலும், சரியா ஒதுங்குச்சான்னு எவன் எண்ணிக்கிட்டு இருப்பான்? அசிங்கமா இல்ல?"

அவன் சொல்வதும் பயந்து சொல்வதுதான். எனக்குக் கோபம்கூட வரமாட்டேன் என்றது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய டிவியில் ஊரை வரவழைத்தார்கள். இந்தப் பக்கம் ஹால் நிறையச் சனம். அந்தப் பக்கம் பஞ்சாயத்து போர்டு வாசலில் தம்பியும் ஆறேழு ஆண்களும். செல்வி தூரத்தில் தூணுக்குப் பின்னால், சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. "அம்மா, வாங்க, நீங்க பேசுங்க" என்று என்னை இழுத்து நடுவில் உட்கார வைத்தார்கள். டிவியில் என் முகமும் மூலையில் தெரிந்தது. அம்புட்டு ஆண்களுக்கு முன்னால் அந்த விசயத்தை நான் எப்படிச் சொல்வேன்?

"தம்பி, மழை பெஞ்சுச்சா?" என்றேன்.

"செத்த நேரம் தூறுச்சுக்கா" என்றான் அவன். அவனும் குனிந்துகொண்டான்.

ஒரு ஆள் இருமினார். சுண்டல் ஆறுகிறது என்று நான் எழுந்துவிட்டேன்.

7

பிரபு என்று ஒரு பிள்ளை, பழனிக்காரர். ஆபீஸில் பணம் போடுகிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் சண்டை வந்தால் சமாதானம் பண்ணுவதுதான் அவர் வேலையே. "இதை என்கிட்ட விடுங்க" என்றார். நல்ல பிள்ளை. ஒரு வார்த்தை கடுத்துப் பேசமாட்டார். வெள்ளைச்சாமியோடு ஒரு வாரம் போனில் பேசினார். பேசினார் என்ன, கேட்டார். பூ விலை, கரண்டு, முழங்கால் வலி எல்லாம் கேட்டார். "அந்தத் தம்பி விவரமானவருக்கா" என்று என் தம்பியே சொன்னான்.

அடுத்த ஞாயிறு, மேகா படம் வரைகிற வெள்ளைப் பலகையை ஹாலில் நிறுத்தி, நடுவில் ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் ஸ்பான்சர், ஒரு பக்கம் டீம்.

"யாரு சரி, யாரு தப்புங்கறதை விட்டுருவோம்ங்க. உங்களுக்கு எது இல்லைன்னா முடியாது? அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்பான்சர் பக்கம்: ரூம் நிற்காமல் ஓட வேண்டும், தினமும் ரிப்போர்ட் வர வேண்டும், பெண்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். டீம் பக்கம்: மார்க்கெட்டில் பேச்சு வரக் கூடாது, தை முகூர்த்தத்துக்குள் சோலார் வர வேண்டும். எழுதி வைத்துப் பார்த்தால், அடேயப்பா, சண்டையே இல்லாத மாதிரி இருந்தது. திண்டுக்கல் டவுனில் குளிர் மிசின் வேலை தெரிந்த ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டுவிடலாம். வெளி ஆள், ஆண் பிள்ளை, ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை மிசினே அனுப்பிவிடும், யாரும் முகம் காட்ட வேண்டாம். பெண்கள் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு கமிட்டி. மாசத்துக்கு ஒருதரம் வந்து ரூமைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள், அவரவருக்குத் தோதான நாளில்.

சுதா கடைசி வரைக்கும் மல்லுக்கட்டினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணெல்லாம் சிவந்து, "ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு இதாவது இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது நான் தட்டு எடுக்கப் போனவள், பலகை முன்னால் நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டி இரண்டு பக்கமும் வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

"செல்விக்கு?" என்றேன்.

சத்தம் எனக்கே கேட்கவில்லை. பிரபு திரும்பினார். "என்னம்மா?"

"செல்விக்கு என்னன்னு எழுதலையே."

"கமிட்டியில முதல் பேரே அவங்கதாம்மா" என்று சிரித்தார். தட்டை வாங்கி அவரே கொண்டுபோய் வைத்தார். அத்தனை நல்ல பிள்ளை.

டிவியில் ஊர் தெரிந்தது. அந்தப் பக்கமும் கைதட்டினார்கள், இந்தப் பக்கமும் கைதட்டினார்கள். பாண்டி, "மாமா!" என்றான். என் தம்பி, "மாப்ளே! நாலஞ்சு மாசமா மூஞ்சிய காட்டாம இருந்துட்டியேடா" என்றான். இரண்டு பேருக்கும் குரல் உடைந்துபோனது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்த அந்த மாசங்களில் நான் வேண்டாத சாமி இல்லை. வேண்டியது நடந்துவிட்டது. நடந்த அன்றைக்கு நான் ஏன் படுத்துக்கொண்டேன் என்று யாருக்கும் தெரியாது. தலைவலி என்றேன்.

8

ரூம் நன்றாக ஓடுகிறது. அதில் ஒரு பொய் இல்லை. சோலார் தகடு ஏறிவிட்டது. முகூர்த்தத்துக்குப் பூ காத்திருக்கிறது. வாய்க்காலில் யாரும் பூ கொட்டுவதில்லை. அடுத்து ஆயக்குடியில் கொய்யாவுக்கு இதே மாதிரி ஒரு ரூம் என்று பேச்சு நடக்கிறது.

செல்வி கமிட்டியில் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் தடவை போகவில்லை. கோயிலடியில் நின்று பதில் சொன்னவள் என்று ஆகிவிட்ட பிறகு, காட்டுக்காரர்கள் யாரும் அவளைப் பூப் பறிக்கவும் கூப்பிடவில்லை. ஒருத்தரும் வராதே என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கத்தரிக்காயை அடுப்பில் போட்டுவிட்டு, காலையில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். மனசு கேட்கவில்லை. அங்கே விடிகிற நேரம் பார்த்து நானே போன் போட்டேன். ஒரே வண்டிச் சத்தம்.

"எங்கடி இருக்க?"

"வேன்ல பெரியம்மா. மில்லு வேன். பங்குனியில சேந்தேன், உங்ககிட்ட சொல்லல."

"எந்த மில்லு?"

"வேடசந்தூர் பக்கம். நூல் மில்லு. நம்ம ஊர்ல இருந்தே பத்துப் பேரு போறோம்."

"பாப்பா?"

"அதுவே கெளம்பிப் பள்ளிக்கூடம் போயிரும். மாமா வீட்டுல இருக்கறது நல்லதாப் போச்சு, பூட்ட வேண்டியதில்ல." வாடகை வீட்டைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"வேலை ரொம்பக் கஷ்டமாடி?"

"நிக்கணும். பஞ்சு பறந்து மூக்கடைக்கும். மத்தபடி ஒண்ணுமில்ல பெரியம்மா. இங்க யாரும் எதுவும் கேக்குறதில்ல. முப்பது நாளும் வரலாம். ஒருநாள் விடாம வந்தா தனியா ஏதோ குடுப்பாகளாம்." பக்கத்தில் யாரோ என்னவோ சொல்ல, சிரித்தாள். "பஞ்சுக்குத் தீட்டு கெடையாதாம். இந்தா, ராணியக்கா சொல்லுது."

நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது.

"பெரியம்மா, அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க. பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்தாரு. மனசு கஷ்டப்படுவாரு."

சொல்லமாட்டேன் என்றேன். வேன் ஏதோ பள்ளத்தில் இறங்கியது, போன் கட்டாகிவிட்டது.

பாண்டி டீக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தான். காதில் ஆபீஸ் போனை மாட்டிக்கொண்டே, "யாரும்மா போன்ல?" என்றான்.

"செல்வி."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா" என்றேன். டீயை வாங்கிக்கொண்டு மேலே போனான்.